விக்கல் அக்காவின் தொண்டை ஊசி

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு "விக்கல் அக்கா" என்று பெயர். விக்கலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூளையிலிருந்து தப்பான கட்டளை போய், பேசப் பேசக் குரல்நாண்கள் இறுகிக்கொள்ளும். சொல் நடுவில் அறுந்துபோகும். நரம்புக் கோளாறு. இதைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஒரு டாக்டர் தொண்டைப்புண் என்றார், இன்னொருவர் மனக்கவலை என்றார், மாமியார் கொழுப்பு என்றார்.

அவளுக்கு நோய், கம்பெனிக்கோ அடித்தது யோகம். மெஷின் ஓடவில்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு போன் செய்பவர்கள், "வண... வணக்கம், சொல்லு... ங்க" என்று அவள் ஆரம்பித்ததுமே ஆடிப்போவார்கள். எவனோ திட்டி இந்தப் பெண்ணை அழவைத்துவிட்டான் என்று நினைப்பு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "சரிம்மா, நீ அழாத. துணிய நான் கையாலயே தொவைச்சுக்கறேன்" என்று போனை வைத்தேவிட்டார். ஆள் அனுப்பாமலே புகார் தீர்ந்தது. மேலாளருக்கு வாயெல்லாம் பல். அன்றிலிருந்து முரட்டு ஆசாமிகளையெல்லாம் அவள் தலையிலேயே கட்டினார்.

அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சாயங்காலத்துக்குள் கழுத்து கல்லாகிவிடும். வீட்டுக்குப் போய் மகளிடம் "சாப்... பிடு" என்றால், "ஏம்மா அழற?" என்று பிள்ளை தட்டை விட்டு எழுந்து வந்துவிடும். அழவில்லை என்று சொன்னாலும் அழுவதுபோலத்தான் கேட்கும். அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே அழுகை வரும்.

கடைசியில் தொண்டை டாக்டர் ஒருவர், கழுத்தின் முன்பக்கம் ஊசியை இறக்கி, குரல்நாண் தசையில் துளி போட்டுலினம் மருந்தை விட்டார். வசதியானவர்கள் நெற்றிச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்கிற அதே போடாக்ஸ் சரக்குதான். முதலில் சில நாள் வாயைத் திறந்தால் வெறும் காற்று. தண்ணீரைக்கூடப் பார்த்துப் பார்த்து விழுங்கினாள். பிறகு வந்தது பாருங்கள் குரல், தங்குதடை இல்லாமல்! அன்றைக்கே கணவனோடு ஒரு முழுச் சண்டை போட்டாள். குறுக்கே பேச அவனுக்கு இடமே கொடுக்கவில்லை. என்ன சுகம் அது.

ஆபீசில்தான் இழவு விழுந்த மாதிரி ஆயிற்று. தெளிவான குரலைக் கேட்டதும் ஜனங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. கத்தினார்கள், ஆள் அனுப்பச் சொன்னார்கள். கம்பெனி வேறு வழியில்லாமல் மெஷின்களைச் சரிசெய்து தொலைக்க வேண்டியிருந்தது.

அந்த மருந்தின் வேகம் மூன்று நான்கு மாதம்தான். குரல் மறுபடி அறுபடத் தொடங்கியது. அடுத்த ஊசிக்கு அவள் அரைநாள் லீவு கேட்டதும், மேலாளர் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சூப்பர்வைசர் போஸ்ட் காலியா இருக்கு மேடம். உங்களுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டேன். ஊசி மட்டும் வேணாமே. உங்க குரல் உங்களுக்கே அமைஞ்ச குரல்."

வருஷக்கணக்காக அவள் ஏங்கிய நாற்காலி. மனசு ஒரு நிமிஷம் தடுமாறத்தான் செய்தது. தட்டை விட்டு எழுந்து வரும் மகளை நினைத்துக்கொண்டாள்.

"எனக்கு... அந்தப் போ... ஸ்ட் வே... வே..."

"அடடா, அழாதீங்க மேடம்" என்று மேலாளர் டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார். இத்தனை வருஷம் அந்தக் குரலை வைத்துப் பிழைப்பு நடத்திய மனுஷனுக்கே அது அழுகை இல்லை என்று தெரியவில்லை. கதவைத் திறந்து, "நம்ம மேடம் சூப்பர்வைசர் ஆயிட்டாங்க. சந்தோஷத்துல பேச்சே வரல" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நோய் பேச்சைத்தான் பிடிக்கும், சிரிப்பை விட்டுவிடும். ஒரே இழையாக, ஒரு இடத்திலும் அறுபடாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊசி இல்லாமலே அவள் குரல் இப்படி வரும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கைதட்டல் தானாக நின்றது. நாளைக்குத் தன்னை எந்த மூலையில் தூக்கிப்போடுவார்களோ தெரியாது. அதே சிரிப்போடு பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.