மஞ்சள் நோட்டீஸ் போட வந்தவர்கள்

கையில் காசில்லை என்று கோர்ட்டில் நிரூபிக்க முதலில் கையில் கொஞ்சம் காசு வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலின் பாலபாடம். ஸ்டாம்பு, டைப் கூலி, வக்கீல் ஃபீஸ் எல்லாமே ரொக்கம். எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். திவால் மனுக்களை, ஊர்ப் பேச்சில் சொன்னால் மஞ்சள் நோட்டீஸை, அவர் என் தலையில் கட்டினார். வட்டி கட்டி நொந்தவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். கூச்சப்படாமல் படியுங்கள், எல்லாம் நம்ம ஆட்கள்தான்.

கலர் தாள்

இளம்பிள்ளையிலிருந்து நாச்சிமுத்து என்ற தறிக்காரர் வந்தார். நூல் விலை ஏறி, கடனுக்குக் கொடுத்த சேலைகளுக்குப் பணம் வராமல் நொடித்துப் போனவர். கதையைச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து பளிச்சென்று ஒரு கட்டு மஞ்சள் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மனுவை வெள்ளைத் தாளில்தான் அடிக்க வேண்டும், மஞ்சள் என்பது ஜனங்கள் வைத்த பேர் என்றேன். யார் யாருக்குக் கடன், நமக்கு என்ன சொத்து, எதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். பிழைப்புக்கான தறியையும் உடுத்தும் துணியையும் சமையல் பாத்திரத்தையும் எடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். தறி போகாது என்றதும் அவர் முகத்தில் களை வந்தது. ஆனாலும் கண் தாள்கட்டை விட்டு நகரவில்லை.

"தறி தப்பிச்சுதுங்க, சந்தோசம். இந்தக் காயிதத்தைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானுங்களா?"

விட்டுப்போன பெயர்

பரமத்திப் பக்கம் ஒரு விவசாயிக்கு மனு போட்டோம். கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் கோர்ட் நோட்டீஸ் போயிற்று. ஒரு நாள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பெரியவர் ஒருவர் கோபமாக உள்ளே வந்தார். தானும் அந்த விவசாயிக்குக் கைமாற்றுக் கொடுத்தவராம். நோட்டீஸ் வந்ததற்குத்தான் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, ஊருல பெரிய மனுசன் அத்தனை பேருக்கும் நோட்டீஸு வந்திருக்குது. எனக்கு மட்டும் வல்லை. கடன் குடுக்க வக்கில்லாதவன்னு டீக்கடையில பேசறானுங்க!"

எங்கள் கட்சிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், "அவரு திருப்பிக் கேக்கவே மாட்டாருங்க. நல்ல மனுசனைப் போயி எதுக்குங்க கோர்ட்டுக்கு இழுக்கறது?" என்றார். நல்லவராக இருந்தாலும் ஒருத்தரை விட்டால் மனுவே ஆட்டம் காணும். திருத்த மனு போட்டுப் பெரியவருக்கும் நோட்டீஸ் அனுப்பினோம். பணம் முழுதாகத் திரும்பாது என்று அதிலிருந்தே தெரியும். அடுத்த வாய்தாவுக்கு அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இப்பத்தாங்க வக்கீல் சாமி, ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்கறேன்."

ஆசாரிக்கு உளி மாதிரி

நாமக்கல் லாரிக்காரர் ஒருவருக்கு லாரியை விட மனசில்லை. தொழில் கருவியை எடுக்கக் கூடாது என்ற விதியை யாரோ சொல்லிவிட்டார்கள். சீனியர் வெளியூர் போயிருந்ததால் நானே எழுந்து, ஆசாரிக்கு உளி எப்படியோ இவருக்கு லாரி அப்படி என்று உருக்கமாக வாதாடினேன். ஜட்ஜ் பொறுமையாகக் கேட்டுவிட்டு நேராக அவரிடமே, "லாரியை நீங்களே ஓட்டுவீங்களா?" என்றார். சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடும் கோர்ட் ரிசீவரிடம் லாரி போனது இந்தப் பதிலால்தான்:

"அதுக்குத்தானுங்க டிரைவர் வெச்சிருக்கறேன். எனக்குச் சைக்கிளே வராதுங்க!"

பாதுகாப்பு உத்தரவு

அயோத்தியாப்பட்டணத்தில் சின்னதாகச் சவ்வரிசி ஆலை நடத்திக் கெட்டவர் ராமலிங்கம். கடன் கொடுத்த ஒருவர் பணத்தைக் கட்டச் சொல்லி கோர்ட்டில் டிக்ரி வாங்கி, சிவில் ஜெயிலுக்கு அனுப்ப வாரண்டும் எடுத்துவிட்டார். கோர்ட் அமீனா கைது செய்ய எந்நேரம் வருவாரோ என்று மனுஷர் தங்கை வீடு, கோயில், களத்துமேடு என்று ஒளிந்து திரிந்தார். தன் வீட்டில் சாப்பிட வேண்டுமானால் கொல்லைச் சுவர் ஏறிக் குதிக்க வேண்டும். ஒரு தடவை குதித்ததில் கால் பிசகி, எங்கள் ஆபீசுக்கு நொண்டிக்கொண்டு வந்தார். அன்று அவர் பேசிய தினுசில் உயிர்மேல் ஆசை இருப்பதாகவே தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, அவர் மனைவி வந்து சேரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கோர்ட் அவரைத் திவாலானவர் என்று அறிவித்த அன்றே, கைது செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவையும் கேட்டு வாங்கினோம். வராந்தாவில் அதை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் மனைவி அழுதார். ஊரே கேவலமாக நினைக்கும் பட்டம் கிடைத்த மனுஷரோ, பரீட்சை பாஸானவர் மாதிரி நின்றார். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்.

"அப்போ சார், இன்னிக்கு எங்க வீட்டுக்குள்ள முன்வாசல் வழியாவே போகலாங்களா?"

கோர்ட் கலைந்ததும் கடன் வாங்கியவரும் கொடுத்தவர்களும் பெரும்பாலும் ஒரே டவுன் பஸ்ஸில்தான் ஊர் திரும்புவார்கள், டிக்கெட் யார் எடுக்க வேண்டும் என்று மட்டும் சட்டத்தில் எங்கேயும் சொல்லவில்லை.