மூலையில் நிற்கும் அக்கா

காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் எட்டு மணிக்குள் எனக்கு நாலைந்து கோபமாவது வந்துவிடும். அவற்றில் ஒன்றுதான் அன்றைய கார்ட்டூன். வீட்டுக்காரர் சுரங்கத்தில் முதல் ஷிப்ட்டில் இருக்கும் நேரத்தில் நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய காகிதங்களின் பின்பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஐந்தாறு படங்கள் கிறுக்குவேன். ஒன்றைத் தவிர மற்றவை குப்பை. இத்தனை வருடம் வரைந்தும் இது மாறவில்லை.

மிஞ்சிய ஒன்றைப் பெரிய தாளில் பென்சிலால் வரைவேன். வசனம் எழுதமாட்டேன். அதற்கு முன் யாரிடமாவது காட்டியாக வேண்டும், ஏனென்றால் வரைந்தவளுக்குத் தன் படம் எப்போதும் புரியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

எனக்கு அந்த யாரோ ஒருவர், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா. குறிஞ்சிப்பாடிக்காரர். அவர் வீட்டுக்காரரும் சுரங்கத்தில்தான், பர்மனென்ட் வேலை, நல்ல சம்பளம். அக்கா துணி காயப்போட வரும்போது வேலிக்கு மேலாகத் தாளை நீட்டுவேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்ப்பார். வயிறு குலுங்கச் சிரித்தால் படம் தேறியது. "இது யாரும்மா, மந்திரியா, கல்யாண மாப்பிள்ளையா?" என்று கேட்டால் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறேன். ஆனால் அவர் சிரிக்காத படத்துக்கு வாசகர்களும் சிரித்ததில்லை.

தேறிய படத்தில் பென்சில் கோட்டின் மேல் கறுப்பு மை போகும். முதலில் முகங்கள், பிறகு வேட்டி சட்டைகள், கடைசியில் மூலையில் நிற்கும் பெண்மணி. என் எல்லாப் படங்களிலும் ஓரமாக, வாய் திறக்காமல், நடப்பதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி நிற்பாள். அள்ளி முடிந்த கொண்டை, ஒயர் கூடை, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. அது யார் என்று எங்கள் பிளாக் முழுக்கத் தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மை காய்ந்ததும் பென்சில் கோடுகளை ரப்பரால் எடுத்து, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் நிழல் போட்டு, வசனத்தைச் சேர்த்து நான்கு மணிக்குள் சென்னையில் இருக்கும் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஒருநாள், எல்லாருடைய வருமானமும் உயர்ந்துவிட்டது என்று மேடையில் ஒரு தலைவர் முழங்குவதாகப் படம். மூலைப் பெண்மணியிடம் ஏதோ குறைந்தது. அக்காவின் செருப்பு வார் அறுந்து, ஊக்கு போட்டு மாட்டியிருந்ததை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். யோசிக்கவே இல்லை, வரைந்துவிட்டேன். அந்த ஊக்கில்தான் படமே நின்றது. அன்று மட்டும் அவரிடம் காட்டவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அக்கா பேப்பரும் கையுமாக வேலியருகே வந்தார்.

"எங்க ஓரகத்தி போன் பண்ணிக் கேக்குறா, பர்மனென்ட்காரர் பொண்டாட்டிக்கு ஊக்கு போட்ட செருப்பான்னு. இத்தினி வருசமா நீ யாரை வரைஞ்சிகினு இருக்கிறன்னு எனக்குத் தெரியாதா? மூஞ்சியப் போட்ட, போவுதுன்னு வுட்டேன். காலை ஏம்மா போட்ட?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ வாய்க்கொழுப்பு. "அது நீங்க இல்லக்கா, சும்மா ஒரு கார்ட்டூன்" என்றேன். பொய் என்று அவருக்கும் தெரியும். அதன்பிறகு நான் வெளியே வராத நேரம் பார்த்துத் துணி காயப்போட்டார். அடுத்த மாதம் அவர் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் குறிஞ்சிப்பாடிக்கே போய்விட்டார்கள். பஸ் ஏறினால் அரை மணி நேரம். இரண்டு வருடமாக நான் ஏறவில்லை.

அந்தச் சிரிப்புக்காக ஏங்குகிறேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் எதைக் காட்டினாலும் "சூப்பர்" என்கிறார், தட்டில் இருக்கும் தோசைக்கும் அதையேதான் சொல்கிறார். மூலைப் பெண்மணியை நான் விடவில்லை. ஆனால் கால் மட்டும் வரைவதில்லை. அவளுக்கு முன்னால் கூட்டத்தை நிறுத்துவேன், இல்லையென்றால் மழைத்தண்ணீரைத் தேக்கிவிடுவேன். "மேடம், அந்தம்மா ரொம்ப நாளா மிதக்கிறாங்களே" என்று பத்திரிகை ஆசிரியரே ஒருமுறை கேட்டுவிட்டார்.

போன வாரம் மறுபடியும் ஒரு மேடை, ஒரு தலைவர். பென்சில் வேலை முடிகிற நேரத்தில் அவளுக்குக் கால் வரைந்தேன், புதுச் செருப்பும் போட்டேன். போனில் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். கீழே "மன்னிச்சிடுங்கக்கா" என்று மட்டும் எழுதினேன். மூன்று மணிக்குக் குரல் பதிவு வந்தது.

"செருப்பு நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்த ஆளு பேசறத நான் ஏன் கேட்டுக்கினு நிக்கணும்? எனக்கு வூட்ல வேலை இல்லியா? கெளம்பிப் போயிட்டேன்னு போடு."

கடைசியில் அதே சிரிப்பு. நாலைந்து முறை போட்டுக் கேட்டேன், அழுதேன்.

அவர் சொன்னதுதான் சரி. அவள் பாதியில் கிளம்பிப் போனால்தான் அது கார்ட்டூன். நின்றவளை அழித்துவிட்டு, போகிறவளை வரைய உட்கார்ந்தேன். பென்சில் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டுகூட அவர் முகத்தை வரைவேன், முதுகுதான் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. லாரியில் சாமான் ஏற்றி அவர் புறப்பட்ட அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.