கிணற்றடி வேலி

உடுவிலில் எங்கள் தேவாலயத்தில் அந்த ஞாயிறு வேதம் வாசித்தவள் நான். விதைக்கிறவனின் உவமை. பாதையோரம், கற்பாறை, முட்செடி, நல்ல நிலம் என்று ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். "நல்ல குரல்" என்று நாலு பேர் சொல்ல, பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை பக்கத்துக் காணிக்காரர் எங்கள் இருவர் காணிக்கும் நடுவிலுள்ள வேலியில், முன்பக்கக் கதியால் தடிகளைப் பிடுங்கிக்கொண்டு நின்றார். நெற்றி நிறையத் திருநீறு.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"தங்கச்சி, நேற்று வெங்காயத்துக்குத் தண்ணி பாய்ச்சேக்கை நீங்கள் வாசிச்சது லவுட்ஸ்பீக்கரிலை கேட்டுது. அந்தக் கல்லு நிலம் நான்தான் எண்டு பட்டுது. போனமுறை வேலி அடைக்கேக்கை அரை முழம் உங்கடை பக்கம் தள்ளிப் போட்டனான். குறை நினையாதேங்கோ."

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், கிணற்றடி வேலியை நானும் ஒரு முழம் அவர் பக்கம் தள்ளி அடைப்பித்திருந்தேன். அங்கே அவர் பக்கம் ஒரே பற்றைக்காடு, அவர் கவனிக்கவில்லை.

சொல்லத்தான் வாயெடுத்தேன். "பரவாயில்லை அண்ணை" என்றுதான் வந்தது, மன்னிக்கிறவள் மாதிரி.

தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு எழும்பினார்.

"கை முழுக்க மண். உங்கடை கிணத்தடியிலை கழுவிப்போட்டு வாறன்."

"வேண்டாம் அண்ணை, நீங்கள் இருங்கோ! நான் தண்ணி கொண்டுவாறன்" என்று வாளியோடு ஓடினேன்.

அந்த உவமை எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். அவர் ஒரேயொருமுறை, அதுவும் வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்.

கிணற்றடி வேலி இன்றும் நான் அடைப்பித்த இடத்தில்தான் நிற்கிறது.