புதினாவைப் பிடித்துப்போன வாடன்

எங்கள் வீட்டுப் புதினாச் செடியை, குண்டுவீச்சுக் காவல் பார்க்கும் ஏ.ஆர்.பி. வாடன் பிடித்துக்கொண்டு போய் ஒரு மாதமாகிறது. சிரிக்காதீர்கள். யுத்த காலத்தில் எதையும் பிடிப்பார்கள்.

அது சாதாரணப் புதினா அல்ல. ஒவ்வொரு இலைக்கும் வெள்ளைக் கரை. என் மனைவி தங்கத்திடம் சட்டை தைக்கக் கொடுக்கும் ஓர்ஸ் ஹில் பங்களா வெள்ளைக்கார அம்மா ஒருவர், துறைமுகத்தில் குண்டு விழுந்த பிறகு கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனது. சட்டியிலேயே வளர்க்க வேண்டும், மத்தியான வெயில் ஆகாது, முழுப் பச்சையாக ஒரு கொழுந்து வந்தால் உடனே வெட்டிவிட வேண்டும் — விட்டால் அதுவே செடி முழுவதையும் பிடித்துவிடுமாம்.

நல்ல பச்சைக் கொழுந்தை யாராவது வெட்டுவார்களா? தங்கம் வெட்டினாள். என் சட்டைக்குப் பொத்தான் தைக்க இரண்டு மாதம் எடுத்தவள், புதினாவை ஒருநாள் தவறாமல் பார்த்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

வாடன் கந்தப்பு அண்ணர் அடுத்த ஒழுங்கையில் குடியிருப்பவர். (பெயரை மாற்றியிருக்கிறேன்... ஒழுங்கையை மாற்றவில்லை.) நடுவதற்கு ஒரு கொப்புக் கேட்டார். "இப்ப ஏலாது அண்ணை, சின்னச் செடி" என்றாள் தங்கம். மறுநாளே வாடன் தொப்பியோடு வந்து நின்றார்.

"பிள்ளை, வெள்ளைச் சாமான் ஒண்டும் வெளியில கிடக்கக் கூடாது. பிளேனில இருந்து பாத்தால் தெரியும்."

வெள்ளைத் துணியை முற்றத்தில் காயப்போடக் கூடாது என்பது நமக்கெல்லாம் தெரியும். குசினிக்குள் அடுப்புக்கு மேலே காய்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, கருவாட்டு மணத்தோடு கந்தோருக்கு வேலைக்குப் போகிறவன் நான். ஆனால், புதினாவுமா?

"அப்ப உங்கட தலையை எங்க ஒளிக்கிறது அண்ணை?" என்று கேட்டாள் தங்கம். அவருக்குத் தலை முழுக்க நரை.

அந்தக் கதை எடுபடவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது; ஆனால் படலைக் கதவைத் திறந்துவிட்டவனும் நான்தான். தங்கம் அழுதாள். அழுதபடியே, படலையில் உரசி முறிந்து விழுந்த ஒரு கொப்பை எடுத்துச் சோடாப் போத்தல் தண்ணீரில் போட்டுக் குசினி யன்னலில் வைத்தாள். வெள்ளைக் கரையோடு நான்கு இலை... மிச்சம் அவ்வளவுதான்.

எட்டாம் நாள் அது வேர் விட்டது. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் ஒழுங்காகச் சோறு வெந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கந்தப்பு அண்ணர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வீட்டுக் கிணற்றடியில் எங்கள் சட்டி! அதில் புதினா கொழுகொழுவென்று நின்றது — தேடினாலும் வெள்ளை இல்லை, முழுப் பச்சை.

"என்ன பிள்ளை இது? எருப் போட்டனான். வெள்ளை விழுந்த இலையெல்லாம் நோய் எண்டு கிள்ளிப் போட்டனான். நல்ல பச்சைக் கொழுந்தாப் பாத்து விட்டனான். அந்தக் கரை எங்க போச்சு?"

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கம் மட்டும் முகம் மாறாமல் சொன்னாள்:

"நல்லதுதானே அண்ணை. இனிப் பிளேனில இருந்து ஆருக்கும் தெரியாது."

எங்கள் குசினி யன்னலுக்குக் கறுப்புத் துணி ஒன்று தொங்கவிட்டிருக்கிறோம். பகலிலும் சில நேரம் இழுத்து மூடுவோம் — பிளேன் வரும்போது அல்ல, கந்தப்பு அண்ணர் வரும்போது.