சுவர்ப்பக்கம் திரும்பும் திரை

ஒரு படகுக்காரரின் வேலை நடக்கும்போது வேறொரு படகுக்காரர் கடைவாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், றிஸானாவின் கை கம்ப்யூட்டர் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடும். கடலுக்கடியில் மீன் கூடும் பார்கள் எங்கே என்பதைக் கற்பிட்டிக்காரர் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டார்கள். அவளிடம் மட்டும் ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்து, கருவி கடலில் விழுந்தாலும் பார் தொலையாதபடி பதிந்து வைத்துக்கொள்வார்கள். "நான் மீன் திங்கிறதோட சரி. பார் எனக்கெதுக்கு?" என்பாள்.

அந்தப் பதிவுகளைத் திறக்கும் மென்பொருள் இருபது வருடப் பழசு. புது விண்டோஸில் ஓட மறுத்ததால், புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய விண்டோஸ் எக்ஸ்பி உள்ள மெய்நிகர் கம்ப்யூட்டர் ஒன்றை ஓடவிட்டிருக்கிறாள். பதிவுகள் கிடப்பதோ வெளியே, புதுக் கம்ப்யூட்டரின் டி டிரைவில். உள்ளிருந்து அதை எட்ட ஒரு வழி எப்போதும் திறந்திருந்தது. போன வருடம் அவள் நண்பகல் லுஹர் தொழப் போன நேரத்தில் றிம்ஸான் என்ற படகுக்காரன் அந்த வழியாக ஊர்ப் பார்களை மேயத் தொடங்கியிருந்தான். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் வழியை அடைத்துவிடுவாள்.

அன்று பின்னேரம், அஸர் தொழுகை நேரம். முந்தின நாள் விடிய வரவேண்டிய ஜௌபரின் படகைக் காணவில்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று மரங்களை வளைத்தது. அவன் மனைவி ஜெமீலா கடைக்குள் கதிரையின் நுனியில் இருந்தாள்.

"எந்தப் பாருக்குப் போறெண்டு எனக்கிட்டயும் சொல்லல்ல, லாத்தா."

வாசலில் றிம்ஸான் நின்றான். அந்தக் காற்றுக்குத் தாங்கக்கூடிய படகு அவனுடையது மட்டும்தான். "அவர்ட பார் இலக்கத்தத் தாங்க. இருட்டினா ஒண்டும் தேடேலா."

றிஸானா உள்ளேயிருந்த கம்ப்யூட்டரை நிறுத்தி, டி டிரைவுக்கு வழி திறந்து, மறுபடி ஓடவிட்டாள். பழைய விண்டோஸ் ஆடி அசைந்து எழும்பியது. ஜௌபரின் பெயரை அடித்தாள். பதிவு எதுவும் இல்லை என்றது. மறுபடி அடித்தாள். இல்லை. என் கையாலேயே அழித்துவிட்டேனோ என்று நினைத்தாள். ஜெமீலா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறைதான் கண்ணில் பட்டது: அவசரத்தில் உள்ளே அந்த டிரைவுக்கு வழக்கமான 'எஃப்' எழுத்தைக் கொடுக்க மறந்திருக்கிறாள், அது தானாக 'ஈ' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தது. பழைய மென்பொருள் 'எஃப்'பைத் தவிர வேறெதிலும் தேடாது. மாற்றினாள். ஜௌபரின் மூன்று பார்களும் வந்தன.

யாருக்குப் பயந்து பூட்டினாளோ அவனிடமே சாவியைக் கொடுப்பதுபோல் இருந்தது. கடதாசியில் எழுதி நீட்டினாள்; நீட்டிய கை உடனே விடவில்லை.

"அமானிதம், றிம்ஸான். நம்பித் தாறன்."

அவன் கடதாசியை வாங்கிக்கொண்டு கரைக்கு ஓடினான்.

மறுநாள் காலை, இயந்திரம் பழுதான ஜௌபரின் படகை றிம்ஸான் கட்டியிழுத்துக் கொண்டுவந்துவிட்டான். இரண்டாவது பாருக்கு அப்பால் மிதந்ததாம். உதடு வெடித்துப்போன ஜௌபர், ஜெமீலா இருந்த அதே கதிரையில் வந்து இருந்தான். றிம்ஸான் தன் ஜிபிஎஸ் கருவியை மேசையில் வைத்தான்.

"அந்த மூணையும் அழிச்சிடுங்க லாத்தா. என்டதுல இருக்கவேணாம்."

றிஸானா கருவியைச் செருகினாள். திரையில் அந்த மூன்றோடு றிம்ஸானின் சொந்தப் பார்களும் வரிசையாக விழுந்தன. நிமிர்ந்து இருக்கவே பலமில்லாத ஜௌபரின் கழுத்து மெல்ல நீண்டது.

அவள் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.