அப்பாவிடம் தோற்ற பதினொரு மாதங்கள்

போரிக் பவுடரை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கினால், புதுத்துணியைக் கசக்கினாற்போல மெல்லிய சத்தம் ஒன்று வரும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில், அப்பா வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உட்காரும் சாயங்காலங்களில், அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் நான் வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். கேரம் பலகை அதற்குள் முக்காலியின் மேல் ஏறியிருக்கும். அம்மா அடுப்படியிலிருந்தே, "அப்பனும் பொண்ணும் ஒக்காந்துட்டிங்களா, இனிமே வீடு தீப்புடிச்சாலும் தெரியாது" என்பாள். அவள் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை.

அப்பா கடலூர் - சிதம்பரம் தடத்தில் பஸ் கண்டக்டர். நான் அவருக்கு ஒரே பெண். அவர் எனக்குக் கேரம் சொல்லித்தரவெல்லாம் இல்லை. எதிரில் உட்கார ஆள் வேண்டும் என்று என்னை உட்காரவைத்தார், நான் தோற்றுத் தோற்று, அழுது, கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்து, நானாகத்தான் கற்றுக்கொண்டேன். சின்னப்பெண் என்று ஒரு காயைக்கூட அவர் எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. நான் ஒரு சுலபமான அடியைத் தவறவிட்டால், "இன்னா டீச்சரம்மா, கைக்கு இன்னிக்கி லீவா?" என்று வேறு சீண்டுவார். ஏழாம் வகுப்புக்கு வந்தபோது பத்து ஆட்டத்தில் ஐந்தாறு எனக்கு வந்தது. அவரை முதன்முதலில் வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்த நாளில் அப்பா என்னோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். உலகத்தில் யாரும் எனக்கு அவ்வளவு பெரிய மரியாதையைச் செய்ததில்லை.

கேரம் ஆடாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். 'ரெட்டு' என்று நாங்கள் சொல்லும் சிவப்புக் காயைக் குழியில் போட்டால் மட்டும் போதாது, அடுத்த அடியிலேயே உங்கள் காய் ஒன்றையும் போட வேண்டும், அதற்குப் பெயர் 'ஃபாலோ'. தவறினால் ரெட்டு திரும்பப் பலகைக்கு வந்துவிடும். ஆட்டம் இழுபறியாகி, அந்த ஃபாலோ ஒன்றுதான் மிச்சம் என்று நிற்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது தோளில் இறங்கி, முழங்கையில் இறங்கி, விரல் நுனிக்கே வந்துவிடும். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் வைத்த நகம் துடிப்பது கண்ணுக்குத் தெரியும். அப்பா அப்போது மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார். "ரெண்டு அடிக்கு நடுவுல ஒரு சந்து இருக்கும், அதுல வுட்டுடணும்" என்பார், நெஞ்சின் அடியைத்தான் அப்படிச் சொல்வார். நான் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன், பரீட்சை ஹாலில்கூட எனக்கு அப்படி அடித்ததில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஓடி வந்தவர்களைப்போல இரைக்கும் அந்தச் சுகத்துக்காகத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஆடினோம் என்று நினைக்கிறேன்.

2007இல், நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, புதுச்சத்திரம் தாண்டி ஓடும் பஸ்ஸில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டிரைவர் நல்ல மனிதர், எந்த நிறுத்தத்திலும் நிற்காமல், பயணிகள் அத்தனை பேரோடும் பஸ்ஸை நேரே சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அப்பா பிழைத்தார். சிதம்பரம் டிப்போவிலேயே நாற்காலியில் உட்காரும் 'லைட் டூட்டி' கொடுத்தார்கள். மாடி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, உப்பு ஆகாது, 'டென்ஷன்' அறவே ஆகாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

அந்தக் கடைசிச் சொல்லை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அம்மா புவனகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் நர்ஸ். பிரசவமும் தடுப்பூசியும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் இதயத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது மணிக்கட்டைப் பிடித்து எண்ணுகிற அளவுதான். காலை, மாலை, படுக்கப்போகும் முன் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தன் வாட்ச்சைப் பார்த்து எண்ணுவாள், எழுபதுக்குப் பக்கத்தில் இருந்தால் "ஸ்தோத்திரம்" என்பாள். டிவியில் கிரிக்கெட் நின்றது, பக்கத்து வீட்டுச் சண்டைக்குச் சமாதானம் பேசப் போவது நின்றது. கேரம் மட்டும் தப்பியது, "ஒக்காந்து ஆடுறதுதான" என்று விட்டுவிட்டாள்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு ஆடிய முதல் ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். ஆட்டம் முடிந்ததும் அம்மா வழக்கம்போல் கையைப் பிடித்தாள், தொண்ணூற்றாறு. அன்றைக்கே பலகை பரணுக்குப் போனது. அதற்கப்புறம் பத்து நாள் அப்பா டிப்போவுக்குப் போய்வருவதும் சுவரைப் பார்த்து உட்காருவதுமாக இருந்தார், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார். பார்க்கப் பொறுக்காமல் அம்மா தானே பலகையை இறக்கினாள். இறக்கிவிட்டு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஆடு. ஆனா ஜெயிக்காத. தோத்தாதான் நெஞ்சு அடிச்சிக்கும். ஜெயிச்சா மனசு குளுந்துடும், பல்ஸும் எறங்கிடும்."

இதையே தன் தம்பி ராஜன் மாமாவுக்கும் சொல்லிவைத்தாள். மாமா நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அப்பாவோடு ஆடுவார். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு எதிரில் உட்காரும் ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

தோற்பது சுலபம் என்று நினைப்பவர்கள் நன்றாக ஆடத் தெரியாதவர்கள். காய் குழியின் விளிம்பு வரை போய் நிற்க வேண்டும், உள்ளே விழக்கூடாது, எதிரில் இருப்பவர் "அடடா" என்று சொல்ல வேண்டும்; அதற்கு ஜெயிப்பதைவிடக் கை சுத்தம் வேண்டும். நான் அதில் சீக்கிரமே தேர்ந்துவிட்டேன். மாமாவுக்கு நடிக்க வராது, ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் தள்ளிவிட்டு நெற்றியில் அடித்துக்கொள்வார். "இன்னா மச்சான், கரும்ப வெட்டுற மாரியே அடிக்கிற?" என்று அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன், அம்மாவும் அடுப்படியில் நின்று சிரிப்பாள்.

ஆனால் எண்ணிக்கை இறங்கவில்லை. ஜெயித்து முடித்த அப்பாவின் கையைப் பிடித்தால் தொண்ணூற்றெட்டு, நூறு, ஒரு நாள் நூற்றி நாலு. அம்மா பயந்துபோனாள். தன் கணக்கு தவறோ என்ற எண்ணம் அவளுக்கு வரவே இல்லை. "ஜெயிச்சே இவ்ளோ ஜாஸ்தியா ஏறுதுன்னா, ஏசப்பா, தோத்தா இன்னா ஆவும்!" என்றாள். அதனால் நான் இன்னும் சீக்கிரமாக, இன்னும் மோசமாகத் தோற்க வேண்டும் என்று ஆயிற்று. ஜெயிக்கிற நெஞ்சும் தோற்கிற நெஞ்சும் ஒரே மாதிரிதான் அடித்துக்கொள்ளும், விடை தெரியாத அந்த நிமிஷம்தான் அடிக்கவைக்கிறது என்று ஆடிப் பழகிய எனக்குத் தெரிந்திருந்தது. வாய் திறக்கவில்லை. நர்ஸம்மாவுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அப்பா அந்த மாதங்களில் செழித்தார். சீட்டியடித்துக்கொண்டு முகம் மழித்தார், தெருவில் போகிறவர்களிடமெல்லாம், "நெஞ்சு நோவு வந்தப்பறந்தான் சார் எனக்குக் கையே வெளங்குது" என்றார். எதிரில் உட்கார்ந்த எனக்கு மட்டும் வேறொன்று தெரிந்தது. அவர் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடும் நேர் காய்கள் அரை அங்குலம் விலகிப் போயின. அவரிடம் தோற்க நான் வாரத்துக்கு வாரம் இன்னும் கீழே போகவேண்டியிருந்தது. சில ஆட்டங்களில் அவர் காய்களை நானே குழியோரம் நகர்த்திவைத்தேன்.

மறு வருஷம் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு டிப்போவில் பஸ்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, குடும்பங்களைக் கூப்பிட்டுப் பொரிகடலை கொடுத்து, போட்டிகளும் வைப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கேரத்துக்குப் பேர் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

அன்றைக்கு மாமாவும் வந்திருந்தார். அடுப்படியில் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "சொல்லிடலாம்மா" என்றேன். "சொன்னா தாங்குவாரா?" என்றாள் அம்மா. எதிராளி யாரென்று தெரிந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாமே என்று மாமா யோசித்தார், சீட்டு குலுக்குவது அன்றைக்குத்தான் என்று தெரிந்து அடங்கினார். சொல்வதற்கு எனக்கு முழுசாக ஏழு நாள் இருந்தது. அப்பா ஏழு நாளும் என்னோடு ஆடினார், ஏழு நாளும் நான் தோற்றேன்.

சிதம்பரம் டிப்போவின் ஷெட்டில், கிரீஸ் வாடையும் ஊதுவத்தி வாடையும் கலந்திருந்த இடத்தில், அப்பாவுக்கு எதிரில் டயர் பிரிவில் வேலை செய்யும் ஓர் இளைஞன் உட்கார்ந்தான். "அண்ணே, நீங்க ஆரம்பிங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவன் ஒழுங்காக ஆடினான், அவ்வளவுதான். அப்பா முதல் நேர் காயைத் தவறவிட்டார். சிரித்துக்கொண்டு பவுடரைத் தேய்த்தார். இரண்டாவதையும் தவறவிட்டார். மூன்றாவது தவறியபோது சுற்றி நின்றவர்களில் யாரோ "உச்" கொட்டினார்கள். அப்போது அப்பா தலையை நிமிர்த்தி, பலகையையோ எதிராளியையோ பார்க்காமல், கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் படித்தவருக்கு அது போதுமானதாக இருந்தது.

இருபத்தைந்துக்கு மூன்று. அப்பா எழுந்து அந்தப் பையனுக்குக் கை கொடுத்தார். மாலை போட்டு நின்ற ஒரு பஸ்ஸின் நிழலுக்கு வந்ததும் அம்மா ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு நிமிஷம் எண்ணினாள், நம்பாமல் இன்னொரு நிமிஷம் எண்ணினாள். எழுபத்து நாலு. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அழுதாள். அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பி, "எத்தினி மாசம்மா?" என்று கேட்டார்.

"பதினொன்னுப்பா."

பயணி இறங்கும் இடத்தைச் சொன்னால் கண்டக்டர் தலையாட்டுவதுபோலத் தலையாட்டினார். திட்டியிருக்கலாம், ஓங்கி ஓர் அறை வைத்திருக்கலாம், நான் வாங்கிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து, கனம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தும், பலகையைத் தானே பரணில் ஏற்றினார்.

அதற்குப் பிறகு அப்பாவின் நாடி எழுபத்திரண்டைத் தாண்டவே இல்லை. அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் கேரம் போனதோடு நிற்கவில்லை, எங்கள் வார்த்தைகள் எல்லாமே அவரிடம் செல்லாமல் போய்விட்டன. டாக்டர் "நல்ல முன்னேற்றம்" என்றால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். சட்டை நன்றாக இருக்கிறது என்று சொன்னால், யாரோ தெரியாதவரிடம் சிரிப்பதுபோல் சிரிப்பார். பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மார்க்கைச் சொன்னபோது, "அப்படியா" என்று கை நீட்டி மார்க் ஷீட்டை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மாமா வருவதும் குறைந்துபோனது.

பிளஸ் டூ விடுமுறையில் ஒரு நாள் நானே பலகையை இறக்கித் துடைத்து வைத்துவிட்டு, "வாங்கப்பா, ஒரே ஒரு ஆட்டம். இந்தத் தடவ நெஜமா ஆடுறேன்" என்றேன்.

"எனக்கு எப்புடிம்மா தெரியும்?" என்றார். குரலில் கோபமே இல்லை.

"ஒங்கள ஜெயிச்சே காட்டுறேன்."

"ஜெயிச்சா, இப்பல்லாம் ஜெயிக்கலாம்னு ஒங்கம்மா சொல்லிட்டான்னு நெனச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். பலகையைத் திரும்பத் தூக்கி வைத்தேன்.

2012 கோடையில் ஒரு மத்தியானம், பேப்பர் படிக்கும் நாற்காலியிலேயே, அப்பா போய்விட்டார். அன்று காலையில் எண்ணியபோது எழுபது என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது செல்போன் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. ராஜன் மாமாவும் இல்லை. என் அலுவலகத்தின் ஓய்வறையில் ஒரு கேரம் பலகை கிடக்கிறது, கூப்பிட்டால் போய் உட்காருவேன், இரண்டு காய் போட்டுவிட்டு வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவேன். என்னைத் தோற்கடித்தே தீருவது என்று எதிரில் உட்கார்ந்த ஒரே மனிதரை நானே அந்த இடத்திலிருந்து எழுப்பிவிட்டேன். அதன்பிறகு அங்கே வேறு யாரும் வந்து உட்காரவில்லை.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போன வருஷம் முதல் அவளுக்கும் நெஞ்சுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், மனசை அலட்டிக்கொள்ளக்கூடாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். யாராவது வீட்டுக்கு வந்தால் அப்பாவின் பேச்சு எப்படியும் வந்துவிடும். "கடைசி வரைக்கும் அவுங்களுக்குப் பல்ஸு ஏற வுடலியே நானு. ஒரு கொறையும் இல்லாம பாத்துக்கிட்டேன், இல்லடி?" என்று என் முகத்தைப் பார்ப்பாள்.

"ஆமாம்மா, நல்லா பாத்துக்கிட்ட" என்று சொல்கிறேன்.