போறன் என்று சொன்ன ரீச்சர்

கொழும்புத்துறையில் ஒரு சின்னப் பாடசாலையில் எனக்குக் கற்பித்தல் பயிற்சி. தரம் இரண்டு. நாளையோடு முடிகிறது. வந்த புதிதில் என் குரல் மூன்றாவது வாங்கில் இருக்கும் பிள்ளைகளைத் தாண்டாது. இப்போது பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்த்து, கொஞ்சம் மெதுவாகக் கதைக்கச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. இந்த வகுப்பறையில் நான் எப்படி வளர்ந்தேன் என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 'வளர்ச்சி' என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சொல்லோடு எனக்கு நினைவுக்கு வருவது ஒரு சுவர்தான்.

அது பண்டத்தரிப்பில் நான் இரண்டாம் வகுப்புப் படித்த அறையின் சுவர். எங்களுக்கும் ஒரு பயிற்சி ரீச்சர் வந்தார். அச்சுவேலியில் இருந்து பஸ் மாறி மாறி வருவார். வகுப்புக்கு ஏற்கெனவே ஒரு ரீச்சர் இருந்ததால் அவர் பெரிய ரீச்சர், இவர் சின்ன ரீச்சர். பெரிய ரீச்சர் கண்ணை உருட்டினால் போதும், வகுப்பு அடங்கிவிடும். சின்ன ரீச்சருக்குக் கோபிக்கத் தெரியாது. கோபிக்க வெளிக்கிட்டால் பாதியில் சிரிப்பு வந்துவிடும். பிறகு எங்களை யார் அடக்குவது?

ஒருநாள் அவர் எங்களை ஒவ்வொருவராகச் சுவரோடு நிறுத்தி, தலையில் அடிமட்டத்தை வைத்து, வெண்கட்டியால் கோடு போட்டுப் பெயர் எழுதினார். விடுமுறை முடிந்து அடுத்த தவணை தொடங்கியதும் திரும்ப அளந்தால் யார் எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும் என்றார். மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படியில்லை. நான் நடக்கப் பழகுமுன் வெளிநாடு போன அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து போன் எடுப்பார். எடுத்தவுடன் கேட்பது, எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்பதுதான். நல்லா வளர்ந்திட்டன் என்பதைத் தவிர என்னிடம் பதில் இருந்ததில்லை. அந்த ஞாயிறு சரியான அளவு சொன்னேன்: யன்னலுக்கு ஒரு விரல் கீழே. அடுத்த தவணை யன்னலைத் தொட்டுவிடுவேன் என்றும் சொன்னேன். எந்த யன்னல் என்று அப்பா கேட்கவில்லை. "அவ்வளவோ?" என்றார்.

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடுகிற யாரும் போறன் என்று சொல்லமாட்டார்கள். சந்திக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்பதுதான். போறன் என்றால் போனதுதான் என்று அம்மா அதட்டுவார். அப்பாவும் வாசல் படலையில் நின்று போட்டு வாறன் என்று சொல்லித்தான் போனாராம். அம்மா அதைப் பலதடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். சொன்னவர் வருவார், அவ்வளவுதான் கணக்கு.

தவணையின் கடைசி நாள், பயிற்சி முடிந்து, சின்ன ரீச்சர் எல்லோருக்கும் ரொபி இனிப்புத் தந்தார். கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்:

"சரி பிள்ளையள், நான் போறன்."

வகுப்பு கப்சிப். பெரிய ரீச்சர் கண்ணை உருட்டியும் காணாத அமைதி. நான் ஓடிப்போய் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ ரீச்சர்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்பிடிச் சொன்னால் நான் திரும்பி வரவேணுமெல்லே?"

"ஓம். வரத்தானே வேணும்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பெரிய ரீச்சர் சத்தம் போட்டார். நான் விடவில்லை. கடைசியில் குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, போட்டு வாறன் என்றார். தலைப்பை விட்டேன்.

அடுத்த தவணை தொடங்கியது. பெரிய ரீச்சரே அடிமட்டத்தோடு சுவரடிக்கு வந்தார். எல்லோருக்கும் பழைய கோட்டுக்கு மேலே புதிய கோடு ஏறியது. நான் மட்டும் சுவரில் சாய மறுத்துவிட்டேன். சின்ன ரீச்சர் வந்து அளப்பார் என்றேன். சந்தியில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் பாடம் காதில் ஏறாது. அவருடைய சிரிப்பு, சேலையில் ஒட்டியிருக்கும் வெண்கட்டித் தூள், எல்லாவற்றுக்கும் மனம் ஏங்கியது. இன்றைக்கும் அந்த ஏக்கம் முழுதாகத் தீர்ந்தபாடில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவிடம் இன்னும் அளக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அம்மா மீன் செதில் தட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டேன்.

"போட்டு வாறன் எண்டு சொன்னவை வராமல் விடுவினமோ?"

அம்மாவின் கை நின்றது. "ஆரைச் சொல்லுறாய்?"

"சின்ன ரீச்சரை."

கை திரும்ப ஓடத் தொடங்கியது. "வருவா. கொஞ்சம் சுணங்கும்."

எனக்குத் திருப்தி இல்லை. அவர் முதலில் போறன் என்றுதான் சொன்னார், நான்தான் பிடித்துவைத்துச் சொல்ல வைத்தேன் என்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். சொல்லிமுடித்ததும் இன்னொரு சந்தேகம் வந்தது.

"அப்பாவையும் ஆரும் சொல்லச் சொன்னவையோ?"

அம்மா ஏற்கெனவே தட்டி முடித்த மீனை எடுத்துத் திரும்பவும் தட்டினார்.

அந்த ஞாயிறும் அப்பா போன் எடுத்தார். அம்மா கதைத்து முடிக்கும்போது எப்போதும் கடைசியாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அன்று அதைக் கேட்காமலே போனை என்னிடம் நீட்டினார். அம்மா மறந்துபோனார் என்று நினைத்தேன். ஆகவே நானே கேட்டேன்.

"அப்பா, எப்ப வாறியள்?"

லைன் சரியில்லைப் பிள்ளை, பிறகு எடுக்கிறன் என்றார் அப்பா. எனக்கு அவருடைய மூச்சுக்கூட நன்றாகக் கேட்டது. அதனால், பிழை எங்கள் பக்கத்தில் இல்லை, அப்பாவின் பக்கத்தில்தான் லைன் சரியில்லை என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அம்மா ஓம் என்றார்.